ஈசிஜி நார்மல்னு சொல்லிட்டு அப்பறம் எதுக்கு விடிய விடிய இருக்கச் சொல்றாங்க? கையெழுத்து போட்டு கூட்டிட்டு வந்துட்டோம்

திருமங்கலத்தான் (ஞாயிறு காலை 8:50)

எல்லாருக்கும் வணக்கம், ராத்திரி பூராம் தூங்கல, எழுத்து முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்கங்க. அப்பாவுக்கு 61 வயசு, பத்து வருசமா சுகர் இருக்கு, பிரஷருக்கும் மாத்திரை போடுறாரு. நேத்து ஒரு விசேஷ வீட்டுல நல்லா சாப்ட்டுட்டு வந்து படுத்தவரு பன்னெண்டே கால் மணிக்கு எந்திரிச்சு உக்காந்து நெஞ்சு மேல கல்லைத் தூக்கி வெச்ச மாதிரி இருக்குடான்னாரு. அம்மா ஈனோ கலக்கி குடுத்தாங்க, அப்பறம் மோர்ல பெருங்காயம் போட்டு குடுத்தாங்க, ரெண்டு ஏப்பம் வந்துச்சு, ஆனா பாரம் மட்டும் எறங்கல. சரின்னு நானும் மச்சானும் அப்பாவ நடுவுல உக்கார வெச்சு பைக்லயே மதுரைக்கு கூட்டிட்டு போனோம், ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரி, பேரு வேணாம்.

போன உடனே ஈசிஜி எடுத்துட்டாங்க, அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. நார்மல்னு சொன்னாங்க. ரத்தம் எடுத்தாங்க, கையில வென்ஃப்ளான்னு மருந்து ஏத்துற ஊசிக் குழாய் ஒண்ணு குத்தி விட்டாங்க, அதுக்கப்பறம் முக்கா மணி நேரம் ஒருத்தரும் எட்டிப் பாக்கல. எங்களுக்கு பின்னாடி வந்த ஒரு வயசான அம்மாவ மட்டும் ஸ்ட்ரெச்சரோட நேரா உள்ள தள்ளிட்டு போறாங்க. ரெண்டு மணிக்கு டியூட்டி டாக்டர் வந்து டிராப்னு ஒரு பிளட் டெஸ்ட், அதுவும் நெகட்டிவ், ஆனாலும் இன்னொரு தடவ அஞ்சு மணிக்கு எடுக்கணும், அதுவரைக்கும் ஐசியூல வெச்சு பாக்கணும், 25,000 அட்வான்ஸ் கட்டுங்கன்னாரு. அதுவரைக்கும் ஆன பில்லே 6,850. ரெண்டு டெஸ்ட்டும் நார்மல்னு நீங்களே சொல்றீங்க அப்பறம் எதுக்கு ஐசியூன்னு மச்சான் கொஞ்சம் சத்தம் போட்டுட்டான். அப்பாவும் எனக்கு ஒண்ணும் இல்ல கேஸ்தான் வீட்டுக்கு போவோம்னு ஒரே பிடிவாதம். கடைசில எங்க சொந்த பொறுப்புல கூட்டிட்டு போறோம்னு ஒரு ஃபாரத்துல கையெழுத்து வாங்கிட்டு அனுப்பிட்டாங்க.

இப்ப தூங்குறாரு. எனக்குத்தான் உறுத்திக்கிட்டே இருக்கு. நார்மல்னா நார்மல்தான, ரெண்டாவது தடவ எதுக்கு? இது காசு புடுங்குற வேலையா இல்ல நாங்கதான் அவசரப்பட்டுட்டமா? இன்னொண்ணு, கையெழுத்து போட்டு வந்துட்டா திரும்ப போனா பாக்க மாட்டாங்களா?

---

பில்லைப்பாத்துமயங்குனவன் (காலை 8:58)

சரியாத்தான் பண்ணிருக்கீங்க ப்ரோ. ஐசியூ பெட்டு காலியா கெடந்தா அவங்களுக்கு தூக்கம் வராது. என் கொழுந்தியாளுக்கு தலைவலின்னு போனதுக்கு ஸ்கேன் எடுத்து 11,000 தீட்டிட்டு கடைசில கண்ணாடி போடுங்கன்னு அனுப்புனாங்க. அப்பாவுக்கு ரசம் சாதம் குடுங்க, சரியாயிடும்.

---

கேஷுவால்ட்டி சிஸ்டர் கோவை (காலை 9:04)

தம்பி, மேல சொன்னத விடுங்க. நான் பதினாலு வருஷமா கேஷுவால்ட்டில ஸ்டாஃப் நர்ஸுங்க. மொதல்ல ஒண்ணு கேக்குறேன், அப்பாவுக்கு அந்த நேரத்துல வேர்த்துச்சுங்களா? கையி, தாடை, முதுகு எங்கயாச்சும் வலி இருந்துச்சா? இப்ப மூச்சு எப்புடி இருக்குது?

---

திருமங்கலத்தான் (காலை 9:09)

அக்கா, பைக்குல ஏறும்போதே பனியன் நனைஞ்சு ஒட்டிப் போச்சு, புழுக்கம்னு நெனச்சேன். கை வலிக்கலன்னு சொன்னாரு. ஆனா கீழ்ப்பல்லு வரிசை பூராம் கூசுதுன்னு அம்மாகிட்ட சொல்லிருக்காரு, அம்மா இப்பதான் சொல்றாங்க. ஆஸ்பத்திரில இத நாங்க யாரும் சொல்லல.

---

கேஷுவால்ட்டி சிஸ்டர் கோவை (காலை 9:13)

எழுப்புங்க. எழுப்பி இப்பவே கூட்டிட்டு போங்க, 108க்கு போன் பண்ணுங்க, திரும்பவும் பைக்ல வேண்டாமுங்க, நடுவழியில ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்க ரெண்டு பேரும் என்ன பண்ணுவீங்க? அவர நடக்க விடாதீங்க, மாடிப்படி இருந்தா சேர்ல வெச்சு எறக்குங்க. நேத்து குடுத்த பேப்பர் அத்தனையும், முக்கியமா அந்த ஈசிஜி, கையோட எடுத்துட்டு போங்க, அவரு போடுற மாத்திரைக் கவரும். பழைய ஈசிஜி எதாச்சும் வீட்டுல இருந்தா அது தங்கம் மாதிரிங்க, புதுசையும் பழசையும் பக்கத்துல வெச்சு பாத்தாத்தான் சில வித்தியாசம் டாக்டருக்கே புடிபடும். வேர்த்தது, தாடை வலி, எத்தன மணிக்கு ஆரம்பிச்சது, மூணையும் நீங்க உள்ள நொழஞ்ச உடனே சொல்லோணும், அவங்க கேப்பாங்கன்னு காத்திருக்காதீங்க. கையெழுத்து போட்டதால பாக்க மாட்டாங்கன்னு எல்லாம் ஒண்ணும் கெடையாது. அந்த ஃபாரம் டாக்டர் சொன்னதக் கேக்காம போனோம்ங்கறதுக்கு ஒரு ரெக்கார்டு, அவ்வளவுதான், எப்ப வேணாலும் திரும்பி வரலாம், சங்கடமா இருந்தா வேற ஆஸ்பத்திரிக்கு போங்க. போயிட்டு சொல்லுங்க, மத்தத அப்பறம் எழுதறேன்.

---

பாளையங்கோட்டை மைனி (காலை 9:31)

சிஸ்டர் சொல்லுததுதான் சரி. எங்க பெரியப்பாவுக்கு இதே கதைதான். ராத்திரி பதினோரு மணி ஈசிஜில ஒண்ணுமில்ல, அப்போ அங்க இருந்த ஒரு சின்ன வயசு டாக்டர் பொண்ணு மட்டும் எங்களப் போக விடல, கெஞ்சாத கொறையா இருங்க இருங்கன்னு சொல்லுச்சு, நாங்க எல்லாரும் அத திட்டுனோம். நாலு மணிக்கு மறுபடி வலி வந்து அடுத்த ஈசிஜி எடுத்தா மொத்தமா மாறியிருக்கு. அங்கயே இருந்ததால பெரியப்பா இன்னிக்கும் காலைல வாக்கிங் போயிட்டு வந்து எனக்கு குட் மார்னிங் படம் அனுப்புதாரு, தெனமும் நாலு படம், அது வேற தொல்லை.

---

பில்லைப்பாத்துமயங்குனவன் (காலை 9:40)

அக்கா நான் விளையாட்டுக்கு சொன்னேன். ஆனா ஒரு டவுட்டு உண்மையாவே கேக்குறேன், ஈசிஜில தெரியாத அட்டாக்கும் உண்டா?

---

கேஷுவால்ட்டி சிஸ்டர் கோவை (காலை 10:20)

உண்டுங்க. டியூட்டி முடிச்சு வந்துட்டேன், இப்ப நெதானமா எழுதறேன். இதயத்து ரத்தக்குழாய் முழுசா அடைச்சுக்கிட்டா பெரும்பாலும் ஈசிஜிலயே தெரிஞ்சுரும், அப்ப ஒரு நிமிஷம் கூட வீணடிக்க மாட்டோம், நேரா கேத் லேப்தான் (அடைப்ப தெறக்கற எடம்), இல்லீன்னா கட்டிய கரைக்கற ஊசி. ஆனா குழாய் அரைகொறையா அடைச்சிருந்தா பல சமயம் ஈசிஜி ஒண்ணுமே காட்டாதுங்க. அதுவும் இல்லாம ஈசிஜிங்கறது அந்த பத்து செகண்டுல இதயம் எப்படி இருந்துச்சுன்னு எடுக்கற போட்டோ மாதிரி, அடுத்த அர மணி நேரத்துல மாறலாம், அதனாலதான் வலி இருக்கறவரைக்கும் திரும்பத் திரும்ப எடுக்கறது. டிராப்புன்னு அவரு சொன்னது டிரோபோனின், இதயத் தசை அடி வாங்குனா ரத்தத்துல கசியற ஒரு புரதம். அது அடி பட்ட உடனே ஏறாதுங்க, சில மணி நேரம் எடுக்கும். பன்னெண்டே காலுக்கு வலி, ஒண்ணே கால் வாக்குல ரத்தம்னா ரொம்ப சீக்கிரம், அப்ப நெகட்டிவ் வந்தா ஒண்ணும் இல்லைன்னும் இருக்கலாம், இன்னும் ஏறலைன்னும் இருக்கலாம். ரெண்டாவது தடவ மூணு மணி நேரம் கழிச்சு எடுக்கறது அந்த ரெண்டையும் பிரிக்கத்தான். இப்ப வர்ற நல்ல கிட்டுல இன்னும் சீக்கிரமாவே தெரியும், எல்லா ஊர்லயும் அது இருக்காதுங்க. சுகர்காரங்களுக்கு நரம்பு மரத்துப் போயி வலி கம்மியா இருக்கலாம், சில பேருக்கு வலியே இருக்காது, வேர்வையும் மூச்சு வாங்கறதும் மட்டும்தான்.

பின்னாடி வந்த அம்மாவ முன்னாடி கூட்டிட்டு போனது பத்தி சொல்லீருந்தீங்க. கேஷுவால்ட்டில டோக்கன் வரிசை கெடையாதுங்க. வர்றவங்கள செவப்பு, மஞ்சள், பச்சைன்னு பிரிப்போம், செவப்புன்னா அந்த நிமிஷமே உள்ள, பச்சைன்னா ரெண்டு மணி நேரம் கூட ஆகலாம். பல்ஸ், பிபி, ஆக்சிஜன், நெனவு இத வெச்சுத்தான் கலர், யாரு சத்தம் போடறாங்கன்னு வெச்சு இல்ல. உண்மையச் சொல்லோணும்னா சத்தம் போடாம ஓரமா சுருண்டு கெடக்கறவங்களத்தான் நாங்க மொதல்ல போயி பாப்போம். ஆனா முக்கா மணி நேரம் ஒருத்தரும் வந்து என்ன நடக்குதுன்னு சொல்லாதது தப்புத்தானுங்க, அத நான் நியாயப்படுத்த மாட்டேன். ராத்திரி ரெண்டு நர்ஸு இருபது பேஷண்ட்டு, ஒவ்வொரு பேஷண்ட்டு கூடவும் ஆறு சொந்தக்காரங்க, அதுல நாலு பேரு வீடியோ எடுக்கறாங்க, இதுல யாருக்கு என்ன சொன்னோம்னே மறந்து போயிருது.

---

பழைய டிபிஏ (காலை 10:52)

நான் டிபிஏல, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனிக்காக கிளெய்ம் பாக்குற ஆபீஸ்ல வேல பாத்தவன். காசு விசயத்துல உங்க சந்தேகம் முழுசா தப்புன்னும் சொல்ல மாட்டேன். டெஸ்ட் அவசியம், ஆனா அந்த மூணு மணி நேரத்துக்கு ஐசியூ பெட்டுதான் வேணுமாங்கறது வேற கேள்வி, அத தாராளமா கேக்கலாம். "ரெண்டாவது டிராப் எடுக்குறவரைக்கும் கேஷுவால்ட்டிலயே மானிட்டர் மாட்டி அப்சர்வேஷன்ல வெச்சுக்க முடியுமா டாக்டர்" அப்படின்னு சத்தம் போடாம கேட்டா நெறைய எடத்துல ஒத்துக்குவாங்க. முடியாதுன்னா காரணம் சொல்லுவாங்க. பெரும்பாலான பாலிசில 24 மணி நேரம் அட்மிஷன் இருந்தாத்தான் கிளெய்ம், அதனால சில ஆஸ்பத்திரிகள்ல அட்மிஷன் போடுங்கன்னு பேஷண்ட் வீட்டுக்காரங்களே கேக்குற கூத்தும் நடக்கும். கேஷ்லெஸ் (பில்ல கம்பெனியே நேரா ஆஸ்பத்திரிக்கு கட்டுறது) அப்ரூவல் ஒரு மணி நேரத்துக்குள்ள முடிவு சொல்லணும்னு 2024ல இன்சூரன்ஸ் கம்பெனிகள கண்காணிக்கிற ஐஆர்டிஏஐ சொல்லிருச்சு, டிபிஏ டெஸ்க்ல ராத்திரி ஆள் இல்லைன்னு சொன்னா கம்பெனி நம்பருக்கு நீங்களே அடிங்க. பில் எப்பவும் ஐட்டம் வாரியா கேட்டு வாங்குங்க.

---

உசிலம்பட்டி வாத்தியார் (காலை 11:15)

பிரைவேட்டு பத்தியே பேசிக்கிட்டு இருக்கீங்க. அண்ணே, மதுரையில அரசு ராஜாஜி ஆஸ்பத்திரி இருக்குல்ல, கார்டியாலஜி இருக்கு, ஈசிஜி டிராப் எதுக்கும் காசு கெடையாது. கூட்டம் இருக்கும், ஸ்ட்ரெச்சர் நீங்கதான் தள்ளணும், ராத்திரி அட்டெண்டரா இருக்கவங்களுக்கு வராண்டாதான், பாய் கொண்டு போங்க. காசு இல்லைன்னு பயந்து ராத்திரி வீட்டுல பெருங்காயம் கரைக்கிறதுக்கு அது எவ்வளவோ மேல். அவ்வளவு தூரம் போறதுக்கு முன்னாடியே பக்கத்துல இருக்க ஆரம்ப சுகாதார நிலையத்துல நெஞ்சு வலின்னு போனா ஈசிஜி எடுத்து, டாக்டர் தேவைன்னு சொன்னா லோடிங் டோஸ்னு மொதல்ல கூடுதலா குடுக்குற மாத்திரைய அங்கயே குடுத்து அனுப்புறாங்க, இதயம் காப்போம்னு 2023ல ஆரம்பிச்சது. முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தா ஸ்டென்ட் வெக்கிற அளவுக்கு போனாக்கூட அதுல வரும், குடும்பத்துக்கு வருசம் 5 லட்சம் வரைக்கும், ஆனா வருமானம் வருசத்துக்கு 1,20,000க்குள்ள இருக்கணும்.

அட்வான்ஸ் கட்டுனாத்தான் தொடுவோம்னு எங்கயாச்சும் சொன்னா பயப்பட வேணாம். 1989லயே பர்மானந்த் கட்டாரா வழக்குல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு, உயிருக்கு ஆபத்துன்னா அரசோ தனியாரோ மொதல்ல வைத்தியம், போலீஸ் பேப்பர் எல்லாம் பின்னாடின்னு. அது ஆக்சிடென்ட் கேஸ பத்துன தீர்ப்பு, உங்களுக்கு நேரா பொருந்தாது, இருந்தாலும் தெரிஞ்சு வெச்சுக்கங்க.

---

திருமங்கலத்தான் (மாலை 6:25)

ஆஸ்பத்திரி வாசல்ல இருந்து எழுதுறேன். காலைல 108 பதினெட்டு நிமிசத்துல வந்துச்சு, அப்பா பக்கத்து வீட்டுக்காரங்க பாப்பாங்கன்னு ஏற மாட்டேன்னு ஒரு பத்து நிமிசம் தகராறு, அம்மா அழுத அழுகைக்குத்தான் ஏறுனாரு. ஜிஹெச்சுக்கே போயிட்டோம். அக்கா சொன்ன மாதிரி வேர்வை, தாடை, பன்னெண்டே கால் மூணையும் வாசல்லயே சொன்னேன், அந்த சிஸ்டர் என்னைய ஒரு மாதிரி பாத்துட்டு நேரா உள்ள விட்டுட்டாங்க. ராத்திரி ஈசிஜிய பக்கத்துல வெச்சு பாத்தாங்க, மாத்தம் இல்ல. பத்தரைக்கு ஒரு டிராப், ரெண்டு மணிக்கு ஒண்ணு, ரெண்டும் நெகட்டிவ். எக்கோவும் (இதயத்துக்கு எடுக்குற ஸ்கேன்) பாத்தாங்க. இப்போதைக்கு அட்டாக் இல்லைன்னு சொல்லிட்டாங்க, ஆனா கேஸுன்னும் சொல்லல, டிஎம்டி (ஓடுற மெஷின்ல நடக்க விட்டு எடுக்குற ஈசிஜி) எடுத்து பாத்துட்டுதான் சொல்ல முடியும்னாங்க, புதன்கிழமை வரச் சொல்லிருக்காங்க. அதுவரைக்கும் வெயிட்டு தூக்கக் கூடாது, வலி வந்தா யோசிக்காம வரணும்.

பிரச்சன என்னன்னா அப்பா இப்ப சொந்தக்காரங்க ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு "நான் அப்பவே கேஸுன்னு சொன்னேன், பயலுக கேக்கல" ன்னு பேசிக்கிட்டு இருக்காரு. புதன்கிழமைக்கு வர மாட்டாரு போல.

---

கேஷுவால்ட்டி சிஸ்டர் கோவை (மாலை 6:41)

நல்லதுங்க தம்பி, இப்பத்தான் மூச்சு வந்துச்சு எனக்கு. டிஎம்டிக்கு கண்டிப்பா கூட்டிட்டு போங்க, காலைல லைட்டா சாப்ட்டா போதும், காபி டீ வேண்டாம், எந்த மாத்திரைய நிறுத்தணும்னு அவங்ககிட்டயே கேட்டுக்கோங்க. வர மாட்டேன்னு சொன்னா அம்மாவ அழச் சொல்லுங்க.