நாளைக்கு எத்தனை பார் ஐஸ்? ஃபோர்காஸ்டிங், பிரெடிக்டிவ் மாடல், அனலிட்டிக்ஸ்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

காசிமேட்டுக்காரன்:

இந்த மூன்று சொற்களையும் வேலையிடத்தில் ஒன்றுக்குப் பதில் ஒன்றாகவே பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். வித்தியாசம் புரிந்தது காசிமேட்டில், என் மாமாவின் ஐஸ் ஃபேக்டரியில்.

தகரக் கேனில் தண்ணீர் நிரப்பி உப்புநீர்த் தொட்டிக்குள் இறக்குவார்கள். அம்மோனியா கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு பார், அதாவது ஒரு பெரிய ஐஸ் கட்டி, முழுதாக உறைய ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். அதனால் நாளை விற்கப்போவதை இன்றைக்கே முடிவு செய்தாக வேண்டும். மாமா அதைக் காற்றையும் கடலையும் பார்த்தே சொல்லிவந்தார். கரண்ட் பில் ஏறிய பிறகு ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "கம்ப்யூட்டர்ல கணக்கு போடுறியாமே, நாளைக்கு எத்தனை பார் போகும்னு சொல்லுடா" என்றார்.

மூன்று வருடப் பேரேட்டை எக்செலில் ஏற்றினேன். தேதி ஒரு பக்கம், விற்ற பார் ஒரு பக்கம், அவ்வளவுதான். பழைய எண்களின் வரிசையை வைத்து அடுத்த எண்ணைக் கணிக்கும் ஹோல்ட்-விண்டர்ஸ் முறையைப் போட்டேன். 1957இல் ஹோல்ட் எழுதி, 1960இல் விண்டர்ஸ் வளர்த்தெடுத்த முறை அது. அண்மைய நாட்களுக்குக் கூடுதல் எடை கொடுத்து, விற்பனை ஏறுகிறதா இறங்குகிறதா என்ற போக்கையும், பருவத்தையும் தனித்தனியே கணக்கில் எடுக்கும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை அழகாகப் பிடித்துவிட்டது. மீன்பிடித் தடைக்காலத்தில் தடுமாறியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எல்லாம் கரையில்தான். ஃபைபர் படகுக்காரர்கள் மட்டும் கொஞ்சம் வாங்குவார்கள். தடை முடிகிற நேரத்தில், புறப்படும் முன் ஐஸ் ஏற்ற எல்லாப் படகும் ஒன்றாக வந்து நிற்கும். மாமாவின் பழைய பேரேடுகளையும் சேர்க்கலாம் என்று பார்த்தால், 2017க்கு முன் தடை 45 நாள்தான். அந்தப் பருவமும் இந்தப் பருவமும் ஒன்றல்ல. தடைநாட்களைத் தனியாகப் பிரித்த பிறகுதான் கணக்கு வழிக்கு வந்தது.

இது ஃபோர்காஸ்டிங். நாட்கள் வரிசை மாறாமல் இருக்க வேண்டும். கேள்வி "எப்போது, எவ்வளவு" என்பது. யார் வாங்குகிறார் என்பது அதற்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

அப்புறம் மாமா கடன் நோட்டை எடுத்து வைத்தார். "இதுல யாரு இழுத்தடிப்பாங்கன்னு சொல்ல முடியுமா?" இங்கே கேள்வியே வேறு. ஒரு படகுக்கு ஒரு வரி: படகு எத்தனை நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கப் போகும், பாக்கி எத்தனை நாளாக நிற்கிறது, முன்பு எத்தனை முறை தாமதம். லாஜிஸ்டிக் ரெக்ரஷன் என்ற கணக்கு முறை ஒவ்வொரு படகுக்கும் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஓர் எண் கொடுத்தது. ஒன்றை நெருங்கினால் இழுத்தடிக்க வாய்ப்பு அதிகம் என்று அர்த்தம். "யார், எந்தப் படகு" என்று ஆளுக்கு ஆள் பதில் சொன்னால் அது பிரெடிக்டிவ் மாடல்.

என் மனதில் நிற்பது இதற்குப் பிறகு நடந்ததுதான். 400 பார் என்று கணக்கு சொன்ன நாளில் மாமா 450 போடச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். "மிஞ்சினா கரண்ட் காசுதான் போகும். ஐஸ் இல்லன்னு ஒரு படகு திரும்பிப் போச்சுன்னா, அடுத்த ஃபேக்டரிக்குப் போனவன் வரவே மாட்டான்." கூடச் சொன்னாலும் குறையச் சொன்னாலும் தப்புதான், ஆனால் இரண்டுக்கும் விலை ஒன்றல்ல. அன்றிலிருந்து சராசரியைச் சொல்வதை விட்டுவிட்டேன். பத்தில் ஒன்பது நாள் போதுமான அளவு எது என்று கணக்குப் போட்டேன். பேரேட்டைச் சுத்தம் செய்வது, ஃபோர்காஸ்ட், மாடல், தப்பின் விலை, சாயங்காலம் யாரிடம் சொல்வது, மறுநாள் சரிபார்ப்பது, எல்லாம் சேர்ந்ததுதான் பிரெடிக்டிவ் அனலிட்டிக்ஸ் என்று நான் புரிந்துகொண்டது அப்போதுதான். மாடல் அதில் ஒரு துண்டு.

கடன் விஷயத்தில் 0.8 வாங்கிய ஒரு படகுக்கு மாமா மறுபடியும் ஐஸ் கொடுத்தார். "அவனுக்கு எஞ்சின் போயிடுச்சுடா, ஆள் நல்லவன்" என்றார். என் அட்டவணையில் எஞ்சினுக்குக் கட்டமே இல்லை. பணம் வந்துவிட்டது.

மணலி அக்கா:

தம்பி, படித்ததும் எங்கள் கன்டெய்னர் யார்டுதான் கண்முன் வந்தது. நாளை யார்டு வாசலுக்கு எத்தனை டிரெய்லர் வரும் என்று பார்ப்பது ஒரு குழு. கன்டெய்னரைத் தூக்கி அடுக்கும் ரீச் ஸ்டாக்கர் வண்டிகளில் எது இந்த வாரம் பழுதாகும் என்று பார்ப்பது நாங்கள். ஹைட்ராலிக் ஆயிலின் சூடு, அதிர்வு, ஓடிய மணிநேரம் எல்லாம் எங்களிடம் இருந்தது.

முதல் மாடலைக் காட்டியபோது, துல்லியம் எவ்வளவு என்று பார்த்து எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் உறுத்தியது. 100 நாளில் 2 நாள்தான் பழுது என்றால், வாயைத் திறந்தாலே "பழுதாகாது" என்று சொல்கிற மாடலும் 98 நாள் சரியாகத்தான் சொல்லும். அதனால் நின்றுபோன வண்டிகளில் எத்தனையை முன்னாடியே பிடித்தது என்று எண்ணினேன். ஒன்றுகூட இல்லை. திரும்ப முதலிலிருந்து செய்தோம்.

இரண்டாவது மாடல் உண்மையாகவே பிடித்தது. ஆனால் எச்சரிக்கை போனது யாரும் திறக்காத ஒரு மெயிலுக்கு. பம்ப் போகப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லியும், மாற்றுப் பம்ப் வாங்கி வைக்க ஆளில்லாமல் வண்டி நின்றது. நீங்கள் சொன்ன "சாயங்காலம் யாரிடம் சொல்வது" என்ற துண்டு எங்களிடம் இல்லாமல் போனது. இப்போது எச்சரிக்கை நேராக ஸ்டோர் கீப்பர் போனுக்குப் போகிறது.

வியாசர்பாடி மாணவன்:

அண்ணா, ஒரு சந்தேகம். என் சித்தப்பாவுக்கு ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் (INCOIS) என்ற கடல் தகவல் நிறுவனத்திலிருந்து மீன் கிடைக்கும் இடம் பற்றித் தகவல் வரும். செயற்கைக்கோளில் கடல்மேற்பரப்பின் வெப்பத்தையும் குளோரோஃபில்லையும் (கடல் பாசியின் பச்சையம்) பார்த்துச் சொல்கிறார்களாம். அது ஃபோர்காஸ்ட்டா, மாடலா? போன மாதம் இன்டர்வியூவில் இந்த வித்தியாசத்தைக் கேட்டார்கள். மூன்றும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து இதே யோசனையாக இருக்கிறது.

காசிமேட்டுக்காரன்:

தம்பி, அந்தத் தகவலில் கேள்வி "எங்கே" என்பது. வெப்பமும் குளோரோஃபில்லும் இப்படி இருந்தால் அங்கே மீன் கூடும் என்ற தொடர்பை வைத்துச் சொல்வதால் மாடல் பக்கம் சேர்ப்பேன். நாள் கடந்தால் பழசாகிவிடும் என்பதால் ஃபோர்காஸ்ட்டின் சாயலும் உண்டு. நடைமுறையில் இரண்டும் கலந்துதான் வரும். வானிலை முன்னறிவிப்பு இன்னொரு வகை. பழைய மழைக்கணக்கை மட்டும் நீட்டிப் பார்ப்பதில்லை, காற்றின் இயற்பியல் சமன்பாடுகளைக் கணினியில் தீர்த்துச் சொல்கிறார்கள்.

அதில் நான் பட்டதைச் சொல்கிறேன். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் நெருங்கியபோது, என் கணக்கு வழக்கம்போல ஒரு சாதாரண டிசம்பர் நாளுக்கான எண்ணைக் கொடுத்தது. பேரேட்டில் புயல் எச்சரிக்கைக்கு இடமில்லையே. கடலுக்குப் போக வேண்டாம் என்ற அறிவிப்பைக் கேட்ட மாமா புதுக் கேன் எதையும் இறக்க விடவில்லை. அடுத்த சில நாள் ஒரு படகும் போகவில்லை.

அதன்பிறகு அட்டவணையில் ஒரு கட்டம் சேர்த்தேன்: "நாளை எச்சரிக்கை உண்டா, இல்லையா." அதைத் தினமும் ஆறு மணிச் செய்திக்குப் பிறகு மாமாவே நிரப்புகிறார்.