மூன்றாவது கல்லும் போய்விட்டது

பெரியப்பா: நேற்று ராத்திரிப் புயலில் மூன்றாவது எல்லைக்கல்லையும் கடல் கொண்டு போய்விட்டது.

அத்தை: ஐயோ, வீட்டுக்கு ஒன்றும் இல்லையே அண்ணா?

பெரியப்பா: வீட்டுக்கு ஒன்றுமில்லை. கல் போனால் போகட்டும், பத்திரம் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

நான்: அதில் நான்கெல்லை எப்படி எழுதியிருக்கிறது பெரியப்பா?

பெரியப்பா: மூன்று பக்கம் அடுத்தவர் நிலம். நாலாவது பக்கம் 'சமுத்திரம்'.

அண்ணன்: அங்கேதான் சிக்கல். கடலே எல்லை என்றால், கடல் நகர நகர எல்லையும் நகரும். ஓதம் (கடல் ஏற்றம்) எட்டும் கோட்டுக்குக் கீழே இருப்பது அரசுடையது என்றுதான் பல நாடுகளில் சட்டம். கொஞ்சம் கொஞ்சமாக அரித்த மண் போனது போனதுதான், நஷ்டஈடு கேட்க முடியாது.

அத்தை: இது என்ன நியாயம்? கடல் மண்ணைக் கொண்டுவந்து சேர்த்திருந்தால்?

அண்ணன்: மெல்லச் சேர்ந்திருந்தால் அது நமக்குத்தான் அத்தை.

நான்: ஒரே ராத்திரியில் பெயர்ந்தால் கணக்கு வேறு. ஆறு திடீரென்று திசை மாறி நிலத்தை வெட்டிக்கொண்டு போனாலும், அடையாளம் தெரிந்தால் அது பழைய உடைமையாளருக்கே என்று 1825-லேயே வங்காளத்தில் சட்டம் போட்டார்கள். அமெரிக்காவிலும் புயல் திடீரென அறுத்துப் போனால் பழைய எல்லை அப்படியே நிற்கும் என்பதுதான் பொது விதி.

பெரியப்பா: முதல் இரண்டு கல் பல வருஷமாக மெல்லச் சாய்ந்தவை. இது நேற்றுப் போனது.

அண்ணன்: சொன்னால் யார் நம்புவார்கள்? தேதியோடு படம் வேண்டும்.

சித்தப்பா: இனிய காலை வணக்கம்!

சித்தப்பா: அடடா, இப்போதுதான் படித்தேன். நாலு லாரி கருங்கல் கொட்டிவிடலாம் அண்ணா.

அண்ணன்: அவசரப்படாதீர்கள் சித்தப்பா. கல்லில் மோதித் திரும்பும் அலை முன்னால் இருக்கிற மணலைத் தோண்டிவிடும். கல் முடிகிற இடத்தில் பக்கத்து நிலம் இன்னும் வேகமாக அரிக்கும். அவர்கள் வழக்குப் போட்டால்? அனுமதி வாங்காமல் கொட்டினால் நாமே அள்ளவும் வேண்டியிருக்கும்.

சித்தப்பா: சரி, அரசே மணல் கொட்டித் தந்தால்?

நான்: அதிலும் ஒரு வில்லங்கம். புளோரிடாவில் அப்படிக் கொட்டிய புது மணல் அரசுக்குச் சொந்தமானது. கடற்கரை வீட்டுக்காரர்கள் உச்ச நீதிமன்றம் வரை போய் 2010-இல் தோற்றார்கள். வீட்டுக்கும் அலைக்கும் நடுவே யார் வேண்டுமானாலும் துண்டு விரிக்கலாம்.

அத்தை: வீடு மிஞ்சினால் போதும், விரித்துக்கொள்ளட்டும்.

அத்தை: இந்தப் படத்தைப் பாருங்கள், போன மாதம் எடுத்தது. அந்தக் கல் தெரிகிறது. தம்பி அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறான்.

சித்தப்பா: அக்கா, அதில் நான் சட்டை போடவில்லை!

பெரியப்பா: கோர்ட்டுக்குக் கல் தெரிந்தால் போதும். தேதியோடு எனக்கு அனுப்பு.