கிராபிக்ஸ் கார்டு இல்லாத மேசைக் கணினி: ஏஎம்டி ரைசன் 5 5600ஜி செயலி எடுப்பதா, இன்டெல் ஐ3-12100 எடுப்பதா?

பிறைவாசி:
வணக்கம். படிவம் 4 படிக்கும் மகளுக்கு ஒரு மேசைக் கணினி கட்ட வேண்டும். 24 அங்குல 1080பி திரை, கேசிங், 450 வாட் பவர் சப்ளை, 8 ஜிபி டிடிஆர்4-2666 ரேம் ஒரு குச்சி ஆகியவை கையில் உள்ளன. செயலி, மதர்போர்டு, 500 ஜிபி எஸ்.எஸ்.டி. மூன்றுக்கும் சேர்த்து 1,200 வெள்ளி. கிராபிக்ஸ் கார்டு இப்போதைக்கு இல்லை. பள்ளிப் பாடம், கூகுள் மீட், யூடியூப், கேன்வா; சின்னவன் வேலரன்ட் விளையாட்டு ஆடுவான். பினாங்கு கொம்தாரில் விசாரித்தபோது ரைசன் 5 5500, ஐ3-12100எஃப் ஆகிய இரண்டு செயலிகளும் மலிவு என்றார்கள். 5500-க்கும் 5600ஜி போலவே 6 கோர்தானே, எடுத்துவிடலாமா?

சிலிக்கன்_மாமா:
இரண்டையும் எடுக்காதீங்க. உங்களிடம் கார்டு இல்லை என்றால் இரண்டிலும் திரை கறுப்பாகவே இருக்கும். 5500-ம் 5600ஜி-யும் ஒரே வகைச் சில்லிலிருந்து வருபவைதான், ஆனால் 5500-இல் கிராபிக்ஸ் பகுதியை மூடிவிட்டுத்தான் விற்கிறார்கள். போர்டில் எச்.டி.எம்.ஐ. துளை இருக்கிறதே என்று நம்பி ஏமாறுபவர்கள் பலர். அந்தத் துளைக்குப் படம் செயலியிலிருந்துதான் வர வேண்டும்.

கடையில் பெட்டியைக் கையில் வாங்கி, எண்ணுக்குப் பின்னால் உள்ள எழுத்தைப் பாருங்க. இன்டெலில் கடைசியில் எஃப் இருந்தால் கிராபிக்ஸ் கிடையாது. 12100-இல் உண்டு, 12100எஃப்-இல் இல்லை. ஏஎம்4 (செயலி உட்காரும் சாக்கெட் வகை) ரைசனில் ஜி, ஜிஇ அல்லது ஜிடி என்று முடிந்தால் மட்டுமே உண்டு: 3200ஜி, 5600ஜி, 5500ஜிடி, 5600ஜிடி. அடுத்த தலைமுறை சாக்கெட்டான ஏஎம்5-இல் கதை வேறு. 7600 போன்றவற்றில் ஜி இல்லாமலேயே சின்னதாக ஒரு கிராபிக்ஸ் உண்டு, ஆனால் அது திரை காட்டத்தான், ஆடுவதற்கு அல்ல. அதோடு ஏஎம்5-க்கு டிடிஆர்5 வேண்டும். உங்கள் குச்சி வீணாகிவிடும், அதனால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஆக, 5600ஜி + ஏ520 வகை மதர்போர்டு. 6 கோர், 12 திரெட், வேகா 7 கிராபிக்ஸ், 65 வாட். உங்கள் பவர் சப்ளை தாராளம். பெட்டியோடு வாங்கினால் கூலர் உள்ளேயே இருக்கும், 'டிரே' என்று பெட்டியில்லாமல் மலிவாகத் தருவதில் இருக்காது. கூலருக்குத் தனியாகக் கொடுக்கும் காசையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

ரேம்_ராத்திரி:
செயலியைப் பற்றி மேலே சொன்னது சரி. ஆனால் இந்தக் கணினியின் கழுத்தைப் பிடிக்கப்போவது அந்த ஒற்றைக் குச்சிதான்.

உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது, உங்கள் ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். 2666 குச்சி ஒன்று மட்டும் என்றால் நொடிக்கு 21.3 ஜிபி. அதையே செயலியும் கிராபிக்ஸும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். இன்னொரு 8 ஜிபி போட்டால் 42.6. இரண்டுமே 3200 என்றால் 51.2. வேகா 7 பசியெடுத்த கிராபிக்ஸ். குச்சி ஒன்றா இரண்டா என்பது விளையாட்டில் கண்ணுக்கே தெரியும். கொள்ளளவும் பிரச்சினைதான். 8 ஜிபியில் 2 ஜிபி கிராபிக்ஸுக்குப் போனால் விண்டோஸ் 11-க்கும் குரோமுக்கும் மிஞ்சுவது ஆறு.

எஸ்.எஸ்.டி.யில் மிச்சம் பிடிக்கலாம். 5600ஜி, எஸ்.எஸ்.டி. இணையும் பிசிஐஇ பாதையில் 3.0 தலைமுறையை மட்டுமே தரும், எனவே விலை கூடிய 4.0 எஸ்.எஸ்.டி. வாங்கினாலும் 3.0 வேகத்தில்தான் ஓடும். அந்தக் காசில் இரண்டாவது குச்சி. 3200 குச்சியே வாங்குங்க. பழைய 2666-உடன் சேர்ந்தால் இரண்டும் 2666-இல் ஓடும், பின்னால் பழையதை மாற்றிக்கொள்ளலாம்.

பாயான்_பாரு:
ஐ3-12100-ஐ இப்படி ஒதுக்கிவிட வேண்டாம். 4 கோர்தான், ஆனால் ஒவ்வொரு கோரும் 5600ஜி-யின் கோரைவிட வேகம். யூடியூப் இப்போது நிறைய வீடியோக்களை ஏவி1 என்ற சுருக்க வடிவத்தில் அனுப்புகிறது. 12100-இன் உள் கிராபிக்ஸான யுஎச்டி 730 அதை வன்பொருளிலேயே பிரிக்கும். வேகா 7-க்கு அது தெரியாது, செயலியே பிரிக்க வேண்டும். 6 கோர் இருப்பதால் ஓடிவிடும், காற்றாடிச் சத்தம்தான் கொஞ்சம் கூடும்.

விளையாட்டில் மட்டும் வேகா 7 தெளிவாக முன்னே நிற்கும். சின்னவனுக்கு வேலரன்ட் முக்கியமென்றால் 5600ஜி. வீட்டுப்பாடமும் வீடியோவும்தான் என்றால் 12100 + டிடிஆர்4 வகை எச்610 போர்டு. எச்610 டிடிஆர்5-இலும் வருகிறது, பெட்டியில் உள்ள எழுத்தைப் படித்துவிட்டு வாங்குங்க. குச்சி பள்ளத்தில் பொருந்தாமல் நிற்கும்போதுதான் பலருக்குத் தெரியவரும்.

(இன்டெல் 1972-லிருந்து பாயான் லெப்பாஸில் இருக்கிறது. பக்கத்து வீட்டுச் சரக்கு, விலையில் மட்டும் சலுகை இல்லை.)

சிலிக்கன்_மாமா:
ஏவி1 விஷயம் ஒத்துக்கொள்கிறேன். வேலரன்ட் என்றதும் என் ஓட்டு 5600ஜி-க்கே.

வாங்கும்போது ஒன்று கேளுங்க: போர்டின் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் உள் மென்பொருள்) 5600ஜி-யைத் தாங்குமா? கிடங்கில் நெடுநாள் கிடந்த ஏ520, பி450 போர்டுகளில் பழைய பயாஸ் இருக்கும். செயலி சரியாக இருந்தும் திரையில் ஒன்றும் வராது. கடையிலேயே புதுப்பித்துத் தரச் சொல்லுங்க, அல்லது செயலி இல்லாமலே பயாஸ் ஏற்றும் ஃபிளாஷ்பேக் பொத்தான் உள்ள போர்டாகப் பாருங்க.

கூலர் மாட்டும்போது: பெட்டிக் கூலருக்கு நான்கு திருகு. போர்டில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பிடிகளைக் கழற்ற வேண்டும். அப்போது பின்தகடு கீழே விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்க. திருகுகளை மூலைக்கு மூலை, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்க.

பிறைவாசி:
எல்லாருக்கும் நன்றி. 5600ஜி, ஏ520 போர்டு, 3200-இல் 8 ஜிபி இன்னொன்று எடுத்துக் கட்டியாகிவிட்டது. படம் வருகிறது. ஆனால் வேலரன்ட் தடுக்குகிறது. டாஸ்க் மேனேஜரில் ரேம் வேகம் 2133 என்று காட்டுகிறது. 16 ஜிபி போட்டும் 13.9 என்று வருகிறது. குச்சி ஏதும் பழுதா?

ரேம்_ராத்திரி:
பழுது இல்லை. 13.9 சரிதான், கிராபிக்ஸ் 2 ஜிபி ஒதுக்கிக்கொண்டது. பயாஸில் 'யூஎம்ஏ ஃபிரேம் பஃபர்' என்ற இடத்தில் அதை மாற்றலாம். 16 ஜிபிக்கு 2 பொருத்தம், விட்டுவிடுங்க.

2133 என்பது பாதுகாப்புக்கான தொடக்க வேகம். பயாஸில் எக்ஸ்.எம்.பி. அல்லது டி.ஓ.சி.பி. என்று இருக்கும் ரேம் வேக அமைப்பைத் திறந்து, வேகத்தைக் கையால் 2666 என்று வையுங்க. பழைய குச்சி 3200-இல் நிற்காது. திரை வராமல் போனால் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, போர்டில் உள்ள வட்டப் பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டினால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

போர்டில் எத்தனை ரேம் பள்ளம், குச்சிகள் எதில் இருக்கின்றன?

பிறைவாசி:
நான்கு. செயலிக்குப் பக்கத்தில் முதல் இரண்டிலும் போட்டிருக்கிறேன்.

ரேம்_ராத்திரி:
தடுக்குவது அதனால்தான். முதல் இரண்டும் ஒரே சேனல், அதாவது செயலிக்கும் ரேமுக்கும் இடையே ஒரே பாதை, இரண்டு குச்சி இருந்தும் ஒற்றைக் குச்சி வேகம்தான் கிடைக்கும். செயலியிலிருந்து எண்ணி 2-ஆவது, 4-ஆவது பள்ளங்களுக்கு மாற்றுங்க. போர்டில் ஏ2, பி2 என்று அச்சிட்டிருக்கும். இரு முனையிலும் 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்துங்க. பிறகு சிபியு-இசட் என்ற மென்பொருளை இறக்கி மெமரி பக்கத்தில் பாருங்க, இரட்டைச் சேனல் என்று வர வேண்டும். அதில் 1333 என்று காட்டினால் பயப்பட வேண்டாம், 2666-இன் பாதியைத்தான் அது காட்டும்.