பழைய சான் ஸ்டார்மா, புது ஆல்டோ கே10-ஆ? நின்றால் ஏறும் வெப்ப முள்

கேள்வி (கொழிஞ்சாம்பாறை, கேரளம்)

கோவையில் தெரிந்தவரின் சான் ஸ்டார்ம் விலைக்கு வந்திருக்கிறது. கோவாவில் தயாரான அந்த இரண்டு இருக்கைக் கார்தான். ஓட்டிப் பார்த்தேன். வேலந்தாவளம் சாலையில் வெப்ப முள் பாதியிலேயே நின்றது. உக்கடம் நெரிசலில் நின்றவுடன் ஏறியது. வண்டி நகர்ந்ததும் இறங்கியது. "பழைய வண்டி என்றால் அப்படித்தான்" என்கிறார் உரிமையாளர். கூடக் கொஞ்சம் போட்டால் புது ஆல்டோ கே10 வாங்கிவிடலாம். தினமும் கோவைக்கு வேலைக்குப் போக வேண்டும். வீட்டில் மனைவி, பள்ளி செல்லும் மகள். மனம் என்னவோ ஸ்டார்மைச் சுற்றியே வருகிறது. என்ன செய்யலாம்?

பதில் (பொள்ளாச்சி, மெக்கானிக்)

"அப்படித்தான்" என்பதை ஏற்காதீர்கள் தம்பி. ஓடும்போது சரியாக இருந்து, நிற்கும்போது மட்டும் ஏறினால் முதல் சந்தேகம், எஞ்சின் நீரை ஆற்றும் ரேடியேட்டருக்குக் காற்றிழுக்கும் ரேடியேட்டர் ஃபேன்தான்; ஓடும்போது எதிர்க்காற்றே அந்த வேலையைச் செய்துவிடும். எஞ்சினை நிறுத்தி, ஃபேனுக்கு நேரடியாக பேட்டரி இணைப்புக் கொடுத்துப் பாருங்கள். சுழன்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது. ஃபியூஸ், ரிலே, சென்சார், வயரிங் என்று தேட வேண்டும். சுழலாவிட்டால் மோட்டாரையே மாற்ற வேண்டும். வேகமாக ஓடும்போதும் ஏறியிருந்தால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப் என்று செலவு பெரிதாகும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. எஞ்சின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்கு ரசீது இல்லையென்றால், வாங்கியதும் மாற்றிவிடுங்கள்.

பதில் (சித்தூர், பாலக்காடு மாவட்டம்)

ஸ்டார்மில் இருப்பது ரெனோவின் 1149 சிசி எஞ்சின், சுமார் 60 குதிரைத்திறன். ட்விங்கோ, கிளியோ போன்ற சிறிய கார்களில் வந்த அதே எஞ்சின். ஆல்டோ கே10-இல் 998 சிசியிலேயே அதைவிடச் சற்றுக் கூடுதல் திறன் கிடைக்கிறது. ஆகவே வேகத்துக்காக ஸ்டார்மை வாங்குவதில் பொருளில்லை. தரையை ஒட்டி உட்கார்ந்து நெல்லியாம்பதி வளைவுகளில் ஏறும்போது கையில் கிடைக்கும் உணர்வுதான் அதன் சொத்து. அதை ஆல்டோவால் தர முடியாது. எனக்கு அந்தக் கார்மீது மிகுந்த மரியாதை உண்டு.

ஆனால் மூன்று பேருக்கு அதில் இடம் எங்கே? ஏர்பேக்கும் கிடையாது. உடல் ஃபைபர் என்பதால் துருப்பிடிக்காது. அடியில் உள்ள இரும்புச் சட்டம் துருப்பிடிக்கும், நம் மழைக்கு நிச்சயம் பிடிக்கும். லிப்டில் ஏற்றிப் பாருங்கள். விளக்கு, கண்ணாடி உடைந்தால் கடையில் கேட்டு வாங்கும் பொருளல்ல. ஆல்டோவுக்கு எந்த ஊர்க் கடையிலும் பொருள் கிடைக்கும்.

கேட்டவர்

நன்றி அண்ணா. ஃபேன் சுழலவே இல்லை, மோட்டார்தான் போயிருக்கிறது. தமிழ்நாட்டுப் பதிவெண்ணை அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

பதில் (சித்தூர்)

முடியாது. கேரளத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். கோவையில் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்ட வேண்டும். 15 ஆண்டு கடந்த வண்டி என்பதால், ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனையும் உண்டு. ஆர்.சி. (பதிவுச் சான்று) எதுவரை செல்லும் என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். தினசரி வேலைக்கு ஆல்டோவை எடுங்கள். ஸ்டார்ம் வேண்டுமென்றால் அது வீட்டின் இரண்டாவது காராக மட்டும் வரட்டும்.