இலைக்கனில் செம்பு அளக்க யாராவது உதவுவீர்களா?

வணக்கம். ஹட்டன் – நுவரெலியா பாதையோர மரங்களில் சாம்பல் பச்சையாய்ப் படர்ந்திருக்கும் இலைக்கன்களை (லைக்கன்; பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிரி) வைத்து, உயர்தர வகுப்பு மாணவர்களோடு சிறு ஆய்வொன்று செய்கிறேன். இதற்கு வேர் கிடையாது, இலைக்கு இருக்கும் மெழுகுப் படலமும் கிடையாது. காற்றிலும் மழையிலும் வரும் உலோகத்தை அப்படியே உறிஞ்சிச் சேர்த்துவைக்கும்.

ஈயப் பெற்றோல் 2002இலேயே நின்றுவிட்டது. ஆனால் பிரேக்கும் டயரும் தேய்ந்தால் செம்பும் நாகமும் (துத்தநாகம்) வரத்தானே செய்யும்?

சிக்கல் செம்பில்தான். தேயிலையில் கொப்புள நோய்க்கு அடிக்கும் மருந்திலும் அது இருக்கிறது. வாகனமா, மருந்தா என்று எப்படிப் பிரிப்பது? பாதையை விட்டுத் தள்ளி, தோட்டத்து நடுவிலும் மாதிரி எடுத்து ஒப்பிட்டால் போதுமா?

பிளாஸ்டிக் கத்தியால் சுரண்டி, கடதாசி உறையில் காயவைத்திருக்கிறோம். கழுவவேண்டுமா? அப்புறம், கண்டிப் பக்கம் குறைந்த செலவில் அளந்து தரும் ஆய்வுகூடம் தெரிந்தால் சொல்லுங்கள்.