ஊட்டியில் பிறந்த சபை – நீங்கள் பழகிய சிஸ்டர்களைப் பற்றிச் சொல்லுங்கள்

கல்லூரி முடித்த கையோடு அத்தை வீட்டுக்கு ஊட்டி போயிருந்தேன். அத்தை அங்கே ஒரு கன்னியர் மடத்துத் தையல் கூடத்தில் வேலை பார்த்தார். அந்தக் கூடத்தில் வயதான சிஸ்டர் ஒருவர் இருந்தார், தூத்துக்குடிப் பக்கம். கண் மங்கிவிட்டது, ஆனாலும் ஊசியில் நூல் கோக்க யாரையும் விடமாட்டார். நூல் நுனியை உதட்டில் நனைத்து, இரண்டு விரலால் முறுக்கி, ஊசிக் காதைத் தடவிப் பார்த்து ஒரே தடவையில் நுழைத்துவிடுவார்.

"உங்க சபை எந்த நாட்டுது சிஸ்டர்?" என்று கேட்டேன். பிரான்ஸ், இத்தாலி என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். "இந்த ஊருதாம்மா" என்றார்.

அவர் சொன்ன கதை இது. பிரான்சின் நாந்த் நகரத்தில் 1839இல் பிறந்த எலன் என்ற பெண், துறவற வாழ்வில் பாடுகளின் மரியா என்று பெயர் பெற்று, 1865இல் மதுரை மிஷனுக்குக் கப்பலேறினார். சூயஸ் கால்வாய் திறக்க இன்னும் 4 வருடம் இருந்தது. அப்போது அவர் மரிய பரிகார சபையில் நவகன்னி, அதாவது பயிற்சியில் இருப்பவர். முதல் வார்த்தைப்பாடுகூட, அதாவது துறவற உறுதிமொழிகூட, இங்கே வந்துதான் கொடுத்தார். உள்ளூர்க் கன்னியர்களுக்குப் பயிற்சி தருவதுதான் வந்த வேலை. இரண்டே வருடத்தில், 28 வயதில், 3 மடங்களுக்குத் தலைவி ஆக்கிவிட்டார்கள்.

அப்புறம் சபைக்குள் மனத்தாங்கல் வந்தது. 1876இல் இவரோடு சேர்த்து 20 பேர் அந்தச் சபையை விட்டு விலகி ஊட்டியில் கூடினார்கள். கோவை ஆயர் பர்தூ ஆதரவு கொடுத்தார். ஒரு சபையை விட்டு வந்த பெண்கள், சொந்த ஊரும் கடல் தாண்டி இருக்கிறது, மலைமேல் குளிர். அந்த நிலையில் ரோமுக்குப் போய் முறையிட்டு, 1877 ஜனவரி 6 அன்று போப் ஒன்பதாம் பத்திநாதரிடம் புதிய சபைக்கு அனுமதி வாங்கினார் மதர் மரியா. மறைபரப்புக்கென்றே ஒரு சபை. பின்னால் அசிசி பிரான்சிஸின் வழியில் நடக்கும் பிரான்சிஸ்கன் குடும்பத்தில் சேர்ந்து மரியின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள் ஆனது. 1904இல் அவர் இறந்தபோது 2,000 சகோதரிகளுக்கு மேல்.

"1883ல மதரையே பதவியிலேர்ந்து இறக்கிட்டாங்க, அடுத்த வருசம் திரும்பக் கொடுத்தாங்க" என்று சொல்லும்போது, ஏதோ நேற்று நடந்ததுபோல சிஸ்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். சீனாவில் தாய்யுவான் நகரில் 1900 ஜூலை 9 அன்று கொல்லப்பட்ட ஏழு சகோதரிகளைப் பற்றிச் சொல்லும்போது ஊசி நின்றுவிட்டது. போய்ச் சேர்ந்து ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகியிருந்தது, அநாதைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போனவர்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்து கட்டினார்கள் என்றே நாம் பேசிப் பழகிவிட்டோம். இங்கே கருவாகி வெளியே போனதும் உண்டு. அதை நம் ஊர்ப் பாடப்புத்தகம் எதிலும் நான் படிக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

சென்னையிலிருந்து ஒருவர்:
ஸ்டெல்லா மேரிஸ் இதே சபைதான் அக்கா! 1947 ஆகஸ்ட் 15, சுதந்திரம் வந்த அதே நாள், 32 மாணவிகளோடு தொடங்கியது. என் அம்மா அங்கே படித்தவர். ஊட்டிக் கதை அவருக்கே தெரியாது, இன்றைக்கு ராத்திரி வாசித்துக் காட்டப்போகிறேன்.

நாகர்கோவிலிலிருந்து ஒருவர்:
என் சித்தி டெல்லி ஹோலி ஃபேமிலி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தார். அதை 1953இல் தொடங்கியது மெடிக்கல் மிஷன் சிஸ்டர்கள். அந்தச் சபையை நிறுவிய அன்னா டெங்கல் ஆஸ்திரியாக்காரர், அயர்லாந்தில் டாக்டருக்குப் படித்துவிட்டு 1920இல் ராவல்பிண்டிக்கு வந்தவர். அங்கே பர்தாவுக்குள் இருந்த பெண்கள் ஆண் டாக்டரிடம் காட்டமாட்டார்கள், பிரசவத்திலேயே செத்துப்போவார்கள். ஆனால் சிஸ்டர்கள் டாக்டராக வேலை செய்யவோ பிரசவம் பார்க்கவோ திருச்சபைச் சட்டம் விடவில்லை. 1925இல் வாஷிங்டனில் நாலு பேராகச் சபையைத் தொடங்கி, முறையான வார்த்தைப்பாடு இல்லாமலே 11 வருடம் காத்திருந்தார்கள். 1936இல்தான் ரோம் இறங்கி வந்தது. சித்தி வார்டில் இருந்த டாக்டர் சிஸ்டர், பிரசவம் முடிந்ததும் பிள்ளையைத் தாயிடம் கொடுக்குமுன் அதன் உள்ளங்காலை ஒரு தடவை மெல்லத் தடவிப் பார்ப்பாராம். சித்தியும் கடைசி வரைக்கும் அப்படியே செய்தார்.