மகளிர் நீர்நத்தைப் புழுநோய்: ஒரு சொல்லுக்கான வாதம்

ஐயா, வணக்கம்.

Female Genital Schistosomiasis என்ற நோய்க்கு நீங்கள் முன்வைத்த ‘பெண் பிறப்புறுப்பு நத்தைக் காய்ச்சல்’ என்ற சொல்லைக் கையேட்டு வரைவில் போட்டு, பினாங்கின் பாயான் லெப்பாசில் பக்கத்து வீட்டு அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். தலைப்பைப் பார்த்ததுமே தாளை மடித்துவிட்டார். “கெட்ட சகவாசத்துல வர்றதாம்மா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

எனக்கு அங்கேயே உறுத்திவிட்டது. இந்த நோய் அப்படி வருவதில்லை. ஆற்றிலும் குளத்திலும் துணி துவைக்கும்போது, தண்ணீர் மொள்ளும்போது, நத்தையிலிருந்து வெளிவந்த இளம்புழு தோலைத் துளைத்து உள்ளே போகிறது. வளர்ந்த புழு இரத்தக்குழாயில் தங்கி இடும் முட்டைகள் கருப்பை வாயிலும் யோனியிலும் சிக்கிப் புண்ணாகின்றன. ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ 5 கோடியே 60 லட்சம் பெண்களுக்கு இருப்பதாக மதிப்பீடு. அவர்களில் பலருக்குப் பால்வினை நோய் என்றே மருந்து கொடுத்து அனுப்புகிறார்கள்; வீட்டில் பழியும் சேர்கிறது. அந்தப் புண் எச்.ஐ.வி.க்கும் வழிவிடுகிறது. ஜிம்பாப்வே கிராமப்புறத்தில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், இந்நோயுள்ள பெண்களிடம் எச்.ஐ.வி. இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது.

‘காய்ச்சல்’ வேண்டாம். தொற்றின் தொடக்கத்தில் சிலருக்கு அது வந்து போகும். ஆண்டுக்கணக்கில் நீளும் இந்தப் புண்ணுக்குக் காய்ச்சல் அடையாளமல்ல. ‘மகளிர் நீர்நத்தைப் புழுநோய்’ எனலாமா? எங்கிருந்து வருகிறது என்பதைப் பெயரே சொல்லிவிடும். உறுப்பின் பெயரை விளக்கத்தில் வைக்கலாம். மலேசியாவின் பகாங்கில் ஓராங் அஸ்லி என்னும் பழங்குடி மக்களிடம் கண்டு, 1988இல் பெயரிட்ட சிஸ்டோசோமா மலயென்சிஸ் என்ற புழு, இந்நோயைத் தரும் புழுவிலிருந்து வேறு இனம் என்பதையும் அங்கேயே குறிப்பிடுவோம்.

கருப்பை வாயில் குறுமணல் ஒட்டியதுபோல் மஞ்சளாகத் தெரியும் அடையாளத்துக்கு ஒருவர் ‘மணல்வாரித் திட்டு’ என்றிருந்தார். மணல்வாரி நமக்குத் தட்டம்மை, தாதியர் குழம்பிவிடுவார்கள். ‘மணற்பொட்டு’ என் தேர்வு.

புதுப் பெயரோடு அக்காவிடம் மறுபடி கொடுத்தேன். கடைசி வரிவரை படித்தார். “மாத்திரை இருக்குல்ல?” என்றார். இருக்கிறது: பிரசிகுவான்டல். புழுவைக் கொல்லும், பழைய புண் முழுதாக ஆறாமலும் போகலாம். அதனால்தான் சிறுமியாக இருக்கும்போதே கொடுக்க வேண்டும்.

‘நீர்நத்தை’ நீளம் என்று தோன்றினால் சொல்லுங்கள் ஐயா. ‘நீர்’ மட்டும் போகக்கூடாது.